தம்பி வாசித்த மதியச் செய்தி

தம்பி முதன்முதலாகத் தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கப்போகும் நாளில் அக்கா வீட்டில் டிவி இல்லை. "கம்ப்யூட்டர்லயே பார்த்துக்கலாம், இது எதுக்கு இடத்தை அடைச்சுக்கிட்டு" என்று கணவர் ஒரு டியூனர் கார்டை வாங்கி வந்து, பெட்டியை யாருக்கோ தூக்கிக் கொடுத்திருந்தார். கார்டு கணினிக்குள் உட்கார்ந்துவிட்டது. அதை இயக்கும் டிரைவர் மென்பொருள்தான் மக்கர் பண்ணியது. திரையில் வெறும் கறுப்புக் கட்டம்.

"இதோ வந்துடும்."

காலையிலிருந்து இந்த 'இதோ'வைக் கேட்டு அவளுக்குக் காது புளித்துவிட்டது. அடுப்படிக்குப் போனாள், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பினாள். ஜன்னலைத் திறந்தாள், மூடினாள்.

"பக்கத்து வீட்ல போய்ப் பார்க்கட்டுமா?"

"பூட்டியிருக்கு. காலையிலயே எங்கேயோ கிளம்பிட்டாங்க."

"அப்ப நகருங்க."

மருந்துக்கடையில் பில் போடும் கணினியோடு தினமும் மல்லுக்கட்டுகிறவள் அவள். சாதனப் பட்டியலைத் திறந்தாள். கார்டின் பெயரே நாலைந்து தடவை வரிசையாக நின்றது, ஒவ்வொன்றின் மேலும் மஞ்சள் குறி.

"எத்தனை தடவை ஏத்துனீங்க?"

"வரலைன்னா திரும்ப ஏத்தத்தானே செய்வாங்க" என்று முனகினார்.

எல்லாவற்றையும் அழித்து, கணினியை அணைத்துப் போட்டு, சிடியிலிருந்து ஒரே ஒரு முறை ஏற்றினாள். சேனல் தேடத் தொடங்கியது. நீலம், புள்ளி மழை, பிறகு கோட்டும் டையுமாகத் தம்பி. வாய் அசைகிறது, சத்தம் இல்லை.

கணவர் மேசைக்கு அடியில் புகுந்தார். அவள் அம்மாவுக்குப் போன் போட்டாள்.

"அம்மா, போனை டிவிகிட்ட வை. நீ பேசாதே."

படம் இங்கே, குரல் அங்கிருந்து. வெள்ளம், பாலம், விலை உயர்வு.

"இளைச்சுட்டான்டி."

"அம்மா, பேசாதேன்னேன்ல."

"காலரைப் பாரு, யாரு தேய்ச்சுக் குடுத்தாங்களோ..."

செய்தி முடிந்த கொஞ்ச நேரத்தில் தம்பியே கூப்பிட்டான்.

"அக்கா, பாலத்தைப் பத்திச் சொல்றப்ப திக்கிட்டேன். ரொம்பத் தெரிஞ்சுதா?"

"எங்கடா திக்குன? என் காதுல விழவே இல்லையே."

"நிஜமாவா?"

"சத்தியமா."

அவன் பெருமூச்சு விட்டான். சாயங்காலமும் அவன்தான் வாசிக்கிறானாம். மேசைக்கு அடியிலிருந்து, "சத்தம் வந்துடுச்சு" என்ற குரலோடு சோப்பு விளம்பரம் ஒன்று அலறியது. ஒரு வயரைக் கையில் பிடித்தபடி கணவர் எழுந்து மவுஸை நோக்கிக் கை நீட்டினார்.

"தொடாதீங்க" என்றாள். "சாயங்காலச் செய்தி முடியற வரைக்கும் அது அப்படியே ஓடட்டும்."

நாற்காலியை இழுத்து மவுஸுக்கும் அவருக்கும் நடுவே போட்டு உட்கார்ந்தாள். இருப்புக் கொள்ளாமல் உடனே எழுந்தாள்.