சம்பந்தி வீட்டுக் கார்

2024 ஜூன் 9, ஞாயிற்றுக்கிழமை காலையில், நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர் காளியப்பன் தம் சம்பந்தியால் ஏமாற்றப்பட்டதை அறிந்தார். ராசிபுரத்துச் சம்பந்தி நவநீதகிருஷ்ணனிடம் முந்தின நாள்தான் அந்தப் பழைய சொகுசுக் காரை வாங்கி வந்திருந்தார். இரவு நிமிர்ந்து நின்ற வண்டி, விடிந்தபோது அடைகாக்கும் கோழியைப்போலத் தரையோடு அமர்ந்திருந்தது.

வண்டியைத் தாங்கும் காற்றுப்பைகள் கிழிந்துவிட்டன என்றும், அவற்றையும் அவற்றில் காற்றடிக்கும் பம்பையும் மாற்ற நான்கு லட்சம் ஆகும் என்றும் மெக்கானிக் சொன்னார்.

லாரி வாங்கினால் அச்சுவரை குனிந்து பார்ப்பவர் காளியப்பன். முந்தின நாளும் குனியத்தான் போனார். சம்பந்தி சிரித்தார்: "ஏனுங்க சம்பந்தி, பொண்ணையே நம்பிக் குடுத்தீங்க, காருக்குச் சந்தேகமுங்களா?" காளியப்பன் வெட்கப்பட்டு நிமிர்ந்துவிட்டார். அப்போது மகள் வெண்ணிலாவும் அருகில்தான் நின்றாள்.

இப்போது அவளைத் தொலைபேசியில் அழைத்தார்.

"ஏஞ்சாமி, இந்த வண்டி ராத்திரில உக்காந்துக்குமா?"

வெண்ணிலா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஆமாங்கப்பா. மாமா சொல்லக்கூடாதுன்னுட்டாருங்க. நான் இந்த ஊட்லதானுங்களே இருக்கோணும்?"

"வண்டிய ரிப்பேர் பண்ணிக்கலாம் சாமி," என்றார் காளியப்பன்.

வாசகரே, உறவினரிடம் வண்டி வாங்கும்போது மெக்கானிக்கை உடன் அழைத்துச் செல்லுங்கள். விற்பவர் நீங்களாயின், குறையை நீங்களே சொல்லுங்கள்; வீட்டுக்கு வந்த மருமகளை உங்கள் பொய்க்குக் காவல் நிறுத்தாதீர்கள்.