நானூறு கிலோ சோலாஞ்ஜ்

நான் பிறந்தது மே பத்தாம் தேதி. பெயர் வைக்க அப்பா மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. தபால்காரர் கொடுத்த காலண்டரில் அன்றைக்கு எந்தப் புனிதர் என்று பார்த்தார். சோலாஞ்ஜ் என்று போட்டிருந்தது. வேலை முடிந்தது. ஒரு நாள் முந்தியிருந்தால் பாக்கோம் என்ற துறவியின் பெயர் கிடைத்திருக்கும். அதனால் எனக்குப் புகார் இல்லை.

லத்தீனில் அதற்குக் கம்பீரமானவள், சடங்குக்கு உரியவள் என்று பொருளாம். சாவு வீட்டில்கூடச் சிரிப்பை அடக்கத் தெரியாதவள் நான். பிரான்சில் எங்கள் பெரி வட்டாரத்தில் என் வயதில் தெருவுக்கு இரண்டு சோலாஞ்ஜ் உண்டு. இப்போது குழந்தைக்கு யாரும் வைப்பதில்லை, பசுவுக்குத்தான் வைக்கிறார்கள். எங்கள் புனிதை ஆடு மேய்த்தவள். பிரபு மகன் ஒருவன் கட்டிக்கொள்கிறேன் என்றான், மாட்டேன் என்றாள், தலையை வெட்டிவிட்டான். வெட்டிய தலையைக் கையில் ஏந்திக் கோயில்வரை நடந்தாள். அவள் மாட்டேன் என்று சொல்லித் தலையை இழந்தாள். நான் சரி என்று சொல்லி இழந்தேன், மேயர் கயெத்தானிடம், இருபத்தாறு வருஷம்.

கோயில் மணி விரிசல் விட்டபோது நானூறு கிலோவில் புது மணிக்கு அலைந்தவனும் அவன்தான். எங்கள் ஊர்களில் மணிக்கும் ஞானஸ்நானம் உண்டு: வெள்ளை உடுப்பு, பெண் பெயர், ஞானத்தாய், கடைசியில் எல்லாருக்கும் சர்க்கரை பூசிய பாதாம். ஞானத்தாயின் பெயர்தான் மணிக்கு. மேயர் பெண்டாட்டி என்பதால் என் பெயர் வார்ப்புப் பட்டறைக்குப் போயிற்று. என் கல்யாண கவுனை வெட்டி உடுப்பை நானே தைத்தேன். எனக்கு நுழையாத கவுன், பட்டறை அனுப்பிய அளவுப்படி மணிக்கு நுழையும்.

மணி வந்து சேர்வதற்குள் யோகா சொல்லிக்கொடுக்க கிளாரிஸ் என்றொருத்தி ஊருக்கு வந்தாள். கயெத்தான் வளைந்து கொடுத்தான். நான் உடுப்பை மட்டும் கோயிலில் வைத்துவிட்டு பூர்ஜ் நகரத்துக்குக் குடிபோனேன். எட்டு மாதம் கழித்து ஃபோன் செய்தான்.

“வர்ற ஞாயித்துக்கிழமை மணிக்கு ஞானஸ்நானம். நீ வராம இருந்தா நல்லது.”

“ஏன், மணி என்னைப் பாத்து பயந்துக்குமா?”

“கிளாரிஸ்தான் ஞானத்தாய். உன் பேர ராவி எடுக்கச் சொல்லிட்டேன். இனிமே மணிக்கு அவ பேருதான்.”

வாழ்நாள் முழுக்க எனக்குப் பொருந்தாத பெயர். அதை ஒருத்தன் அரம் போட்டு ராவினான் என்றதும் அழுகை வந்துவிட்டது. வெட்கமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. ராவிய வடுவையாவது கண்ணால் பார்ப்பது என்று போனேன்.

கோயில் நடுவே மரச்சட்டத்தில் மணி என் கவுனைப் போட்டுக்கொண்டு தொங்கியது. பக்கத்தில் பாதாம் கூடையோடு கிளாரிஸ். எங்கள் பங்குச்சாமி கொஸி ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டுக்காரர், பத்தொன்பது ஊருக்கு அவர் ஒருத்தர்தான்.

“மணிக்கு என்ன பேர் வைக்கிறீங்க?” என்றார்.

“கிளாரிஸ்” என்றாள் கிளாரிஸ், குழைவாக.

“நல்லது. உடுப்பக் கழட்டுங்க, தண்ணி தெளிக்கணும்.”

கயெத்தானுக்கு முகம் வெளுத்தது. “இருக்கட்டுமே ஃபாதர், அழகா இருக்கு.”

“குழந்தைக்கே குல்லாவக் கழட்டிட்டுத்தான் தண்ணி ஊத்துறோம். கழட்டுங்க மேயர்.”

பின்பக்கம் முப்பது கொக்கி வைத்திருந்தேன். கிளாரிஸ் இழுத்தாள், திருகினாள், நகம் உடைந்தது. “எந்தப் பைத்தியம் தைச்சுது இத?”

“இந்தப் பைத்தியம்தான்” என்று முன்னால் போனேன். முப்பதையும் நிதானமாகக் கழற்றினேன். கவுன் சரிந்து விழுந்தது.

வடு இல்லை. கையகல எழுத்தில் ‘என் பெயர் சோலாஞ்ஜ்’ என்று பளபளத்தது. பட்டறைக்கு அவன் ஃபோனே செய்யவில்லை. எனக்கு அவனைத் தெரியாதா? எவளிடமும் எதையாவது சொல்லிச் சமாளித்துவிட்டு ஒரு துரும்பையும் நகர்த்தாதவன். உடுப்போடு சடங்கு முடிந்து மணி கோபுரத்தில் ஏறிவிட்டால், அதைப் புறாவைத் தவிர யார் படிக்கப்போகிறார்கள் என்று நம்பியிருக்கிறான்.

“ராவியாச்சுன்னு சொன்னியே!” என்று கிளாரிஸ் கத்தினாள்.

“இல்ல... ராவினா சத்தம் கெட்டுப்போயிடும்னு...”

ரொட்டிக்கடை கிஸ்லேன் முதலில் சிரித்தாள். பிறகு கோயிலே சிரித்தது. பங்குச்சாமி மட்டும் சிரிக்கவில்லை.

“வெண்கலத்துல இருக்குற பேரத்தான் நான் கூப்பிடுவேன். சோலாஞ்ஜ் யாரு?”

“நான்தான், ஃபாதர்.” இவ்வளவு சந்தோஷமாக அதை நான் சொன்னதே இல்லை.

“அப்ப கயிற நீங்க இழுங்க.”

மூன்று முறை இழுத்தேன். கிளாரிஸ் பாதாம் கூடையோடு காரில் ஏறிப் போய்விட்டாள். ஊருக்கு அது ஒன்றுதான் வருத்தம்.

இப்போது கிஸ்லேன் ஃபோனில் எல்லாம் சொல்கிறாள். மத்தியானம் மணி அடித்தால், “சோலாஞ்ஜ் கத்துறா, சாப்பிடப் போலாம்” என்று ஊர் எழுந்திருக்கிறதாம். கயெத்தானின் படுக்கையறை கோபுரத்துக்கு நேர் எதிரே. நிறுத்தச் சொல்லவும் முடியாது; மணி வேண்டும் என்று அலைந்தவனே அவன்தான். இருபத்தாறு வருஷமும் “மெதுவாப் பேசு சோலாஞ்ஜ், நான் தூங்கணும்” என்று சொன்னவன். தினமும் காலை ஏழு மணிக்கு அவன் ஜன்னலுக்கு நேரே நான் பேசுகிறேன்.