காருக்கு ஒரு ஜெபம்

ஜோசலினுடைய காரைப் பற்றிக் கருத்துச் சொல்லாதவர் சிட்லபாக்கத்தில் கிடையாது. இருபத்தைந்து வயதாகிவிட்ட வெள்ளைக் கார். கண்ணாடியைக் கையால் சுற்றித்தான் இறக்கவேண்டும். ஏசி எப்போதோ கண்ணை மூடிவிட்டது. ஓடும்போது போடுகிற சத்தத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பேசினாலே கேட்காது. காயலாங்கடைக்குப் போகவேண்டியதை டீச்சரம்மா பள்ளிக்கூடத்துக்கு ஓட்டிக்கொண்டு போகிறார் என்று அடுத்த வீட்டு சத்யநாராயணன் சார் சிரிப்பார். சிரிக்கட்டும். அவருக்கென்ன, ஓய்வுபெற்ற மனிதர், காலையில் ஏரிப்பக்கம் நடந்துவிட்டு வந்தால் அன்றைய வேலை முடிந்தது.

ஜோசலினுக்கு அப்படியா? மேடவாக்கத்தில் ஒரு பள்ளிக்குத் துணை முதல்வர். துணை முதல்வர் என்றால் வேறொன்றுமில்லை, முதல்வர் செய்யாததையெல்லாம் செய்கிறவர். ஸ்கூல் பஸ் வரவில்லையா, ஜோசலின் மிஸ்ஸைக் கூப்பிடு. தண்ணீர் லாரி வரவில்லையா, கூப்பிடு. ஒரு பிள்ளை இன்னொன்றைக் கடித்துவைத்தால் கடித்த பிள்ளையின் அம்மாவும் கூப்பிடுவாள், கடிபட்ட பிள்ளையின் அம்மாவும் கூப்பிடுவாள். வீட்டுக்கு வந்தால் மாமியாரின் மாத்திரை, சபையின் பெண்கள் சங்கம், பெங்களூரில் இருக்கும் மகள் பிளஸ்ஸியின் கல்யாணப் பேச்சு. ஐம்பது தாண்டிய உடம்பில் எலும்புவரை அசதி. தூங்கி எழுந்தாலும் போகாத அசதி அது.

ஒரு நாளில் அவளுக்கென்று இருந்தது அந்தக் கார் பயணம் மட்டும்தான். செம்பாக்கத்தில் மாட்டி, வேங்கைவாசலில் ஊர்ந்து மேடவாக்கம் போய்ச்சேர முக்கால் மணி நேரம் பிடிக்கும். மற்றவர்கள் டிராஃபிக்கைத் திட்டுவார்கள், ஜோசலின் திட்டமாட்டாள். அந்தச் சத்தத்தில் போன் அடிப்பது கேட்காது, எடுத்தாலும் பேசமுடியாது. இது எல்லாருக்கும் தெரிந்துபோனதால் அந்த நேரத்தில் அவளைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள். கியரை மாற்றிக்கொண்டு, முன்னால் போகிற லாரியைப் பார்த்துக்கொண்டு, ஒன்றையும் நினைக்காமல் போவாள். சில நாள் அழுவாள். காரணமெல்லாம் கிடையாது, அழுதால் கொஞ்சம் லேசாகும், அவ்வளவுதான்.

கணவர் ஆபேல் ஒருமுறை செம்பாக்கம் மெக்கானிக் துளசிங்கத்திடம் சைலன்சரை மாற்றச் சொல்லிவிட்டு வந்தார். மறுநாள் ஜோசலின் தனியாகப் போய், மாற்றவேண்டாம் என்று சொன்னாள்.

"இன்னா மேடம், சார் மாத்தச் சொல்றாரு, நீங்க வேணான்றீங்க. உங்களுக்குப் பேஜாரா இல்லியா இந்தச் சத்தம்?" என்று துளசிங்கம் தலையைச் சொறிந்தார். இருக்கட்டும் அண்ணா, பழகிவிட்டது என்று சொல்லி வந்துவிட்டாள்.

ஆபேல் நல்ல மனிதர். அதுதான் தொல்லையே. கெட்டவராக இருந்தால் சண்டையாவது போடலாம். கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் ஆகிறதே என்று அவராகவே ஒரு புதுக் காருக்குச் சொல்லிவிட்டார், பழையதை ஷோரூமிலேயே கொடுத்துவிடுவதாகவும் பேசி முடித்துவிட்டார். ஓட்டிப்பார்க்கப் போன அன்று ஷோரூம் ஆள் அவள் போனை வாங்கி என்னவோ செய்து காரோடு இணைத்தான். தெருமுனை திரும்புவதற்குள் பள்ளித் தாளாளரின் குரல் நாலு கதவிலிருந்தும் வந்தது.

"பாத்தியா ஜோஸ், இனிமே வண்டியில இருக்கும்போதும் பேசலாம். நீ எங்க இருக்கேன்னு என் மொபைல்லயே தெரிஞ்சிடும்" என்றார் ஆபேல், அத்தனை ஆசையாக.

நல்லா இருக்குங்க என்றாள். வேறு என்னத்தைச் சொல்வது? என்னைக் கொஞ்ச நேரம் விட்டுவிடுங்கள் என்று கேட்க எந்த மகராசிக்கு வாய் வரும்? பத்து பேர் பொறுமைசாலி என்று சொல்லிச் சொல்லியே அவள் வாயை அடைத்து வைத்திருந்தார்கள்.

அவர்கள் சபையில் புதுக் கார் வாங்கினால் முதல் ஓட்டம் கோயிலுக்குத்தான். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகர் பானெட்டில் கைவைத்து ஜெபிப்பார், பிறகு எல்லாருக்கும் கேக். இந்த ஞாயிறும் அப்படித்தான் ஏற்பாடு. ஷோரூம் ஆள் புதுக் காரைக் கோயிலுக்கே கொண்டுவந்து விட்டுவிட்டு, பழையதை எடுத்துப்போவான். ஆராதனை முடிந்தும் ஆள் வரவில்லை, வழியில் எங்கோ மாட்டிக்கொண்டான். ஆபேல் போனும் கையுமாக கேட் வாசலுக்குப் போய்விட்டார். ஜோசலின் பழைய காரின் பக்கத்தில் நின்றாள். அழுக்காக அனுப்ப மனம் வராமல் காலையில்தான் அதைத் தேய்த்துக் கழுவியிருந்தாள்.

லாசரஸ் போதகர் அங்கியோடு வந்தார். போன வாரம்தான் இந்தச் சபைக்கு மாற்றலாகி வந்தவர். ஆபேல் வீட்டுக் காருக்கு ஜெபம் என்று சொல்லியிருந்தார்கள். ஆபேலின் மனைவி நிற்கிறாள், பளிச்சென்று ஒரு கார் நிற்கிறது, சுற்றிலும் நாலு பேர் கேக்குக்குக் காத்திருக்கிறார்கள். செகண்ட்ஹேண்ட் வாங்கியிருக்கிறார்கள் போலும் என்று நினைத்திருப்பார், பாவம். பானெட்டில் கையை வைத்துக் கண்ணை மூடிவிட்டார்.

ஜெபம் ஆரம்பித்துவிட்டால் இந்தச் சபைக்காரர்கள் நடுவில் வாயைத் திறக்கமாட்டார்கள். கூரையே இறங்கினாலும் ஆமென் வரைக்கும் பொறுத்திருப்பார்கள். ஜோசலின் சொல்லியிருக்கலாம். ஐயா, இது இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? அவளும் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஆண்டவரே, இந்த வாகனம் இந்தக் குடும்பத்தில் நெடுநாள் இருக்கட்டும். இதை ஓட்டுகிற உமது மகள் ரொம்பக் களைத்திருக்கிறாள். இதிலே அவளுக்கு இளைப்பாறுதலைத் தாரும்."

அந்த மனிதருக்கு எப்படித் தெரிந்தது? அவள் முகத்தைப் பார்த்தே சொன்னாரோ, எல்லாக் காருக்கும் இதையேதான் சொல்வாரோ, யார் கண்டது. ஜோசலினுக்குக் கண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது. கூட்டம் முணுமுணுப்பாகச் சொன்ன ஆமெனை அவள் உரக்கச் சொன்னாள்.

அதற்குள் புதுக் கார் உள்ளே வந்து நின்றது. விஷயம் தெரிந்ததும் எல்லாரும் சிரித்தார்கள். போதகர் கூசிப்போனார், இதற்கும் ஜெபித்துவிடலாம் என்றார். ஆபேலும் சிரித்துக்கொண்டே வந்து, பழைய காரின் சாவியைக் கொடுக்கச் சொன்னார்.

"தர மாட்டேங்க" என்றாள் ஜோசலின்.

அவர் சிரிப்பு பாதியில் நின்றது. என்னம்மா, ஜெபம் பண்ணிட்டாங்கங்கிறதுக்காகவா என்று மெதுவாகக் கேட்டார். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"அதுல போறப்ப யாரும் என்னைக் கூப்பிட முடியாது. அதுக்குத்தான்."

"யாரும்னா? நானுமா?"

"நீங்களுந்தான்."

சொல்லிவிட்டாள். பத்து பேருக்கு முன்னால் சொல்லிவிட்டாள். ஆபேலின் முகம் சுருங்கியதைப் பார்த்தும் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அவர் ஷோரூம் ஆளிடம் போய், பழையது வேண்டாம் தம்பி, அது வீட்டிலேயே இருக்கட்டும் என்றார்.

ஜோசலின் காரில் ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தாள். ஆபேல் ஜன்னலருகே வந்து நின்றார். எப்ப வருவே என்று கேட்க வாயெடுத்தார். கேட்கவில்லை. கதவை ஒருமுறை தட்டிவிட்டு, அவள் வண்டியைத் திருப்புவதற்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றுகொண்டார்.