ஆறாவது பிள்ளை

என் மகள் அம்ஹாவுக்கு வாசிக்கத் தெரியாது என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள் நான்தான். றுஸ்னாவைத் திட்டுவதற்கு முதல் இதைச் சொல்லிவிட வேண்டும். பிறகு வேண்டிய மட்டும் திட்டுகிறேன்.

அன்றைக்குப் பெருநாள் நெருக்கம். தைத்துக் கொடுக்க வேண்டிய அபாயா பதினொன்று கிடந்தது. என் தங்கச்சி றுஸ்னா மெஷினுக்குப் பக்கத்தில் வந்து ஒரு தாளை நீட்டினாள்.

"ராத்தா, இதில ஒரு சைன் வைங்க. கெம்பஸ் வேல."

பேனையின் மூடியைக்கூட அவளே கழற்றித் தந்தாள். தைத்த கையை எடுத்து, கையெழுத்தை வைத்து, மறுபடி தைத்தேன். கூடப் பிறந்தவள் நீட்டுகிற தாளை உட்கார்ந்து வாசிக்கிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

சாய்ந்தமருதில் எங்களுக்கு ஒரே வளவில் இரண்டு வீடு. முன்வீடு எனக்குத் தந்த சீதனம், பின்வீடு அவளுக்கு. இடையில் மதில் இல்லை. அவள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு டீச்சர். அம்ஹா படிப்பதும் தன் சாச்சியுடைய அதே வகுப்பில்தான். சனி ஞாயிறுகளில் றுஸ்னா கெம்பஸுக்குப் பட்டப்பின் கல்வி டிப்ளோமா படிக்கப் போவாள். இரண்டு வருசமாக அந்த இரண்டு நாளும் அவளுடைய கைப்பிள்ளை என் இடுப்பில். எழுத்து அட்டைகளைச் சொருகி வைக்கத் துணியில் நாற்பது பையுள்ள பலகை வேண்டும் என்றாள். இரண்டு நாளில் தைத்துக் கொடுத்தேன். விரிவுரையாளர் மெச்சினாராம். எனக்கே டிப்ளோமா கிடைத்த மாதிரி இருந்தது.

கடைசி வேலை செயல்நிலை ஆய்வு. வாசிப்பில் பின்தங்கிய ஆறு பிள்ளைகளை எடுக்க வேண்டும். முதலில் ஒரு சோதனை, பிறகு பத்து வாரம் புது முறையில் படிப்பு, கடைசியில் இன்னொரு சோதனை. புள்ளி ஏறியிருந்தால் டீச்சர் கெட்டிக்காரி. இதையெல்லாம் என் வீட்டுக் குசினியில் பிளேன்ரீ குடித்துக்கொண்டு அவளே விளக்கிச் சொன்னாள். அந்த ஆறில் ஒன்று என் மகள் என்பதை மட்டும் சொல்லவில்லை.

அம்ஹா பஸ்ஸில் ஏறினால் கல்முனை போய்ச் சேரும் வரைக்கும் கடைப் பெயர்ப்பலகை ஒன்று விடாமல் சத்தமாக வாசித்து, பக்கத்தில் இருப்பவர்களைக் கொல்லுகிற பிள்ளை.

வருசக் கடைசியில் ஐந்தாம் வகுப்புக்குப் பிள்ளைகளைப் பிரித்துப் பட்டியல் ஒட்டினார்கள். புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தயார்படுத்தும் 'ஏ' வகுப்பில் முப்பத்தைந்து பேர். அம்ஹா இல்லை. அவளுடைய பெயர் பரிகாரக் கற்பித்தல் பட்டியலில் கிடந்தது. எழுத்தே தெரியாத பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக் கொடுக்கிற வகுப்பு அது.

பள்ளிக்கூட அதிபர் பளீல் சேரிடம் ஓடினேன். நல்ல மனிதர். கோபப்படாமல் றுஸ்னா பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்த ஆய்வறிக்கையின் பிரதியை விரித்தார். முதல் சோதனை, அம்ஹா, இருபதுக்கு நாலு. கடைசிச் சோதனை, பதினொன்று. பின்னால் என் சம்மதக் கடிதம். 'எனது பிள்ளை வாசிப்பில் இடர்படுகிறார் என்பதை அறிவேன்.' கீழே என் கையெழுத்து, மெஷின் ஆட்டத்தில் கொஞ்சம் கோணலாக.

வீட்டுக்கு வந்து மகளைப் பிடித்தேன்.

"சாச்சிதான் பிழையா வாசிக்கச் செல்லின. ஸஹ்றா வரிப்பத்தான்சேனைக்குப் போயிட்டா தானே, அவட எடத்துக்கு ஆள் இல்லயாம். ஒருத்தருக்கும் செல்லக் கூடாதாம் உம்மா. தெரிஞ்சா சாச்சிட வேல போயிருமாம்."

அந்த ஆறில் ஒருத்தியாக இருந்த ஸஹ்றாவின் வாப்பா வேளாண்மை செய்ய ஊர் மாறினது எனக்கும் தெரியும். ஒரு பிள்ளை குறைந்துவிட்டது என்று விரிவுரையாளரிடம் சொல்ல இவளுக்கு என்ன கொள்ளை?

பின்வீட்டுக்குப் போய்க் கத்தினேன். றுஸ்னா அழுதாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆறு புள்ள எண்டு எழுதிக் குடுத்து முடிஞ்சி ராத்தா. அஞ்சு எண்டா முதல்ல இருந்து செய்யச் செல்லுவாங்க எண்டு பயந்துட்டன். நாளைக்கு உங்களோட வந்து சேர்ட்ட உண்மையச் செல்றன். அல்லாஹ் மேல சத்தியம்."

அவள் அழுதால் எனக்குத் தாங்காது. கண்ணைத் துடைத்துவிட்டு, அவளுடைய பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து பால் காய்ச்சிக் கொடுத்தேன். என்னைப் போல ஒரு மொக்கு இந்தக் கரையில் கிடையாது.

மறுநாள் காலை அதிபரின் அறையில் மூன்று பேரும் இருந்தோம். நான் நடந்ததைச் சொன்னேன். அதிபர் அவள் பக்கம் திரும்பினார்.

"என்ன டீச்சர், உங்கட ராத்தா செல்றது சரியா?"

றுஸ்னா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த ஞாயிறு அவளுக்கு அந்த ஆய்வைப் பற்றிய வாய்மொழிப் பரீட்சை. அது அந்த நிமிசம்தான் எனக்கும் ஞாபகம் வந்தது.

"தாய்மாருக்குத் தன்ட புள்ளைக்கு ஏலா எண்டு ஒத்துக்கொள்றது கஷ்டம் சேர்," என்றாள். "ராத்தா பாவம்."

பாவமாம். அடித்திருந்தால்கூட இப்படி வலித்திருக்காது. என் பிள்ளையைக் கெடுத்ததும் அல்லாமல் எனக்கு இரக்கமும் காட்டினாள். ஆனால் எனக்குப் பயம் இல்லை. கையில் ஆதாரம் இருந்தது, பக்கத்து வகுப்பில்.

"புள்ளையக் கூப்பிட்டு வாசிக்கச் செல்லுங்க சேர்," என்றேன். "எந்தப் புத்தகம் எண்டாலும் பரவால்ல."

அம்ஹா வந்தாள். அதிபர் ஒரு பக்கத்தை விரித்துக் கொடுத்தார். நான் சிரித்துத் தலையை ஆட்டினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, சாச்சியைப் பார்த்தாள். சாச்சியின் முகம் வெளிறிக் கிடந்தது. பிள்ளை கொஞ்ச நேரம் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு விரலை எழுத்தின் மேல் வைத்தாள்.

"கா… லை… யி… ல்… ப… ற…"

மூன்று வரி. ஒவ்வொரு எழுத்திலும் தடுக்கினாள். முடித்ததும் மறுபடி சாச்சியைப் பார்த்தாள். றுஸ்னா, வகுப்பில் சரியாகச் சொன்ன பிள்ளைக்கு ஆட்டுவது போல, மெல்லத் தலையை ஆட்டினாள்.

"ஒண்டும் யோசிக்காதீங்க தங்கச்சி," என்றார் அதிபர் என்னிடம். "பரிகார வகுப்பில தேறிடுவா."

பிள்ளை நடிக்கிறாள் என்று நான் அங்கே கத்தியிருக்கலாம். ஒன்பது வயதுப் பிள்ளையைப் பொய்க்காரி என்று ஊருக்கு முன்னால் நானே சொல்ல வேண்டும். வாய் வரவில்லை. அவளை அந்த வகுப்புக்குத் திருப்பி அனுப்பவும் மனம் இல்லை. புத்தகப் பையை எடுத்துக்கொண்டு கையைப் பிடித்து வெளியே வந்தேன்.

கேற்றடியில் அம்ஹா என் விரலை இழுத்தாள்.

"உம்மா, சாச்சிட வேல போகாது தானே?"

"போகாது மகள்," என்றேன்.

நாலாம் வகுப்பிலிருந்து பிள்ளைகள் எழும்பி நின்று ஒரே குரலில் டீச்சருக்கு ஸலாம் சொல்வது கேட்டது.