தண்ணீர்ச் சங்க நோட்டின் பின்பக்கங்கள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையைத் திருட்டு நோட்டில்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். சான் ஹசிந்தோ என்ற மலையூர்த் தண்ணீர்ச் சங்கத்தின் கூட்டக் குறிப்பு நோட்டு இது. முன்பக்கத்திலிருந்து குறிப்புகள் வரும். திருப்பிப் போட்டால் பின்பக்கத்திலிருந்து என் கதைகள். இரண்டும் என் கையெழுத்துதான். லுஸ்மிலா தெனெசாக்கா, செயலாளர், பதினோரு வருடம். இதுவரை எந்தத் தலைவரும் நோட்டைத் திருப்பிப் பார்த்ததில்லை. முன்பக்கத்தையே யாரும் படிப்பதில்லை.

கதைக்கு விதை ஒரு வெள்ளை உறை. மார்ச் மாதக் கூட்டத்தில் ஒரு வெள்ளைக்காரம்மா அதை எங்கள் தலைவர் செகுந்தோ பௌத்தாவின் கையில் வைத்தார். செகுந்தோ அண்ணனின் முகம் சுண்டிப்போனது. கூட்டக் குறிப்பில் முகத்தைப் பற்றியெல்லாம் எழுத முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

2

தொடக்கம் ஒன்று: "ஓஹியோவின் பனியிலிருந்து தப்பி, மலைகளின் மடியில் நிம்மதி தேடி வந்தாள் டொ

அடித்துவிட்டேன். பயணக் கம்பெனி விளம்பரம் மாதிரி இருக்கிறது.

தொடக்கம் இரண்டு: "பணத்திமிர் பிடித்த கிழவி ஒருத்தி எங்கள் ஊரையே விலைக்கு வாங்க

இதையும் அடித்தேன், மனசில்லாமல். பொய் என்பதால்தான் அடித்தேன். ஆனால் இதை எழுதும்போது என் கை நன்றாக ஓடியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

உள்ளது இதுதான். அந்த அம்மா டொரீன் கோவால்சிக், வயது அறுபத்தாறு. ஓஹியோவில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவர். கணவர் ஹாங்க் இறந்து மூன்று வருடமாகிறது. அங்கே ஓய்வூதியத்தில் வீட்டு வரி கட்டினால் மாத்திரைக்கு இல்லை, மாத்திரை வாங்கினால் ஹீட்டருக்கு இல்லை. சுற்றுலா அனுமதி உள்ள தொண்ணூறு நாள் இருந்து பார்த்து முடிவெடுக்கலாம் என்று பிப்ரவரியில் வந்தார். என் அண்ணன் ரிகோவின் வீட்டை வாடகைக்கு எடுத்தார்.*

* அண்ணன் நியூயார்க்கில் கூரை போடும் வேலை செய்கிறான். போய் இருபத்தாறு வருடம். அவன் அனுப்பிய பணத்தில் எழுந்த மூன்று மாடி வீட்டில் அவன் ஒரு நாள்கூடத் தூங்கியதில்லை. சனிக்கிழமைதோறும் போய் ஜன்னல்களைத் திறந்து, பெருக்கிவிட்டு வருவது நான். இந்த அடிக்குறிப்பைச் சின்னதாக முடிக்கத்தான் நினைத்தேன்.

3

டொரீனின் ஸ்பானிஷ், அந்தச் சமையலறையில் கூட வேலை பார்த்த மெக்சிகோப் பெண்களிடம் பொறுக்கியது. அதனால் அவருக்கு அதட்ட மட்டும்தான் தெரியும். முதல் நாள் சாவி கொடுக்கப் போனேன்.

"தள்ளு. கை கழுவு. உக்காரு. சாப்பிடு."

கை கழுவி, உட்கார்ந்து, சாப்பிட்டேன்.

ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. நடுவில் கோடு. இடப்பக்கம் ஓஹியோ, வலப்பக்கம் இங்கே. வலப்பக்கத்தில்: ஹீட்டர் வேண்டாம், பஸ்ஸில் பாதிக் கட்டணம், பல் டாக்டர் அவசரப்படுவதில்லை, அவகாடோ. இடப்பக்கத்தில்: மகன் (வருடத்துக்கு இரண்டு முறை வருவான்), பேசுவது புரியும், ஹாங்கின் கல்லறை.

கல்லறையை மட்டும் எழுதி, அடித்து, எழுதி, அடித்து, மூன்றாவது முறையும் எழுதியிருந்தார். நானும் அடித்து அடித்து எழுதுகிறவள். இந்த மனுஷியைப் பற்றி எழுதியே தீருவது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

4

இப்போது உறை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்து, ஊற்றிலிருந்து தொட்டிவரை வாய்க்காலைத் தூர்வார வேண்டும். மிங்கா என்போம். வராத வீட்டுக்கு அபராதம் உண்டு. வாடகைக்கு இருந்தாலும் விதிவிலக்கு கிடையாது. இதை நான்தான் டொரீனுக்குச் சொன்னேன். அபராதத்தை அவர் கட்டணம் என்று எடுத்துக்கொண்டார். வெளியூரிலிருந்து ஓய்வெடுக்க வருகிறவர்களால் மட்டுமே செய்ய முடிகிற தப்பு இது.

"இது மே வரைக்கும்," என்று உறையை நீட்டினார்.

"சென்யோரா, இது அபராதங்க. தப்பு பண்ணினவங்க கட்டறது," என்றார் செகுந்தோ அண்ணன்.

"ஆமா. தப்பு பண்ணப் போறேன். முழங்கால் வலி. அதான் முன்னாலயே கட்டறேன்."

பின்வரிசையிலிருந்து எல்விரா, ரொட்டிக்கடைக்காரி, குரல் கொடுத்தாள்: "பாத்தீங்களா, மூணு மாசத் தப்பை மொத்தமா வாங்கிட்டாங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். நல்ல சிரிப்பு இல்லை. செகுந்தோ அண்ணன் உறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனார். அதன்பிறகு இரண்டு வாரம் டொரீனுக்கு ஊரில் யாரும் முகம் கொடுக்கவில்லை. ரொட்டிக்கடையில் ரொட்டி வந்தது, பேச்சு வரவில்லை.

(முதல் வரைவில் அவரை இந்த இடத்தில் அழ வைத்திருந்தேன். அவர் அழவில்லை. என் வீட்டுக் கதவைத் தட்டினார்.)

"நீ எழுதற பொம்பளை. சொல்லு. நான் என்ன பண்ணேன்?"

"உங்க கூட நிக்க மாட்டேன், காசை வெச்சுக்கங்கன்னு சொல்லிட்டீங்க."

"நான் அப்படிச் சொல்லலை."

"நீங்க சொல்லலை. உறை சொல்லிடுச்சு."

வாசற்படியில் இறங்கி, திரும்பி நின்றார். பிறகு கேட்டார்: "மண்வெட்டி எங்க விக்கும்?"

5

ஏப்ரல் மிங்காவுக்குப் புது மண்வெட்டியோடு வந்தார், விலைச்சீட்டைக்கூடக் கிழிக்காமல். இரண்டு தரம் வெட்டுவார், நின்று மூச்சு வாங்குவார். இந்த உயரத்தில் வெளியூர்க்காரர்களுக்கு அப்படித்தான். எல்விரா பக்கத்திலேயே நின்று பார்த்தாள்.

"சென்யோரா, போய் உக்காருங்க. செத்து கித்து வெச்சா உங்களுக்கும் சேத்து நாங்கதான் குழி வெட்டணும். இன்னிக்கு வெட்டினதே போதும்."

அவர் உட்காரவில்லை.

மதியம் வழக்கம்போல நீளத் துணியைத் தரையில் விரித்தோம். அவரவர் கொண்டுவந்த அவித்த சோளம், பயறு, உருளைக்கிழங்கு, பாலாடைக்கட்டி எல்லாவற்றையும் நடுவில் கொட்டினோம். மண் அப்பிய நாற்பது ஜோடிக் கைகள் குவியலை நோக்கி நீண்டன. டொரீனுக்குப் பொறுக்கவில்லை. பையிலிருந்து கரண்டியை உருவினார்.

"தள்ளு! கை கழுவு! வரிசை!"

சத்தியமாகச் சொல்கிறேன், நாங்கள் வரிசையில் நின்றோம். செகுந்தோ அண்ணன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஏழாவது ஆளாக நின்றார். எல்லோருக்கும் ஒரே அளவு, ஒரு பருக்கை கூடாமல் குறையாமல். எல்விராவின் முறை வந்தது.

"வெசினா, இன்னொரு கரண்டி போடு. நீ வெட்ட வேண்டியதையும் சேத்து நான்தானே வெட்டினேன்."

கவனித்தீர்களா? வெளியாளுக்குச் சொல்லும் "சென்யோரா" போய் "வெசினா" வந்துவிட்டது. எங்களுக்குள் அண்டை வீட்டுக்காரியை மட்டும்தான் அப்படிக் கூப்பிடுவோம். இந்த இடத்தில் எனக்கு மகிழ்ச்சி பொங்கியது என்று எழுதினால் கதை அழகாக இருக்கும். பொங்கவில்லை. இவர் இங்கேயே தங்கிவிட்டால் அண்ணன் வீடு என்ன ஆகும் என்றுதான் தோன்றியது. அன்று சாயங்காலமே டொரீன் என் அண்ணனுக்குப் போன் போட்டு, வீட்டை விலைக்குக் கேட்டார்.

6

அண்ணன் என்ற பாத்திரம் எனக்குச் சரியாக வரவில்லை. நன்றி கெட்டவனாக எழுதினேன், ஒட்டவில்லை. பாவப்பட்டவனாக எழுதினேன், அதுவும் ஒட்டவில்லை. கடைசியில் போனில் பேசியதை அப்படியே வைத்துவிட்டேன்.

"லுஸ்மி, அந்தம்மா வாங்கிக்கறேங்குது. குடுத்துடலாம்."

"குடுத்துட்டா நீ வந்து எங்கடா இருப்ப?"

"நான் வரலடி."

"வேலையை விட்டதும் வரேன்னியே!"

"சொன்னேன். அங்க வந்தா யார் இருக்கா? என்கூடப் பந்தாடினவன் எல்லாம் இங்க ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்கான். பேரப்பசங்க மூணு பேர் இருக்காங்க. அங்க நீ ஒருத்திதானே."

"நான் ஒருத்தி போதாதா?"

(அவன் பதிலை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். நிஜத்தில் அவன் போனை வைத்துவிட்டான்.)

அவனிடமும் எங்கேயாவது கோடு போட்ட ஒரு தாள் இருந்திருக்கும். அதில் என் பெயரை எத்தனை முறை அடித்தான், எத்தனை முறை திரும்ப எழுதினான் என்று எனக்குத் தெரியாது. அவன்மேல் கோபம் வருகிறது. தண்ணீர்ச் சங்க நோட்டு நனைகிறது. போகட்டும்.

7

முடிவுகள். சட்டம் தெரிந்தால்தான் இது புரியும். வீட்டை விற்றாலும் குழாய் இணைப்பு அதோடு போகாது. வெளியாளுக்கு இணைப்பு கொடுக்க ஊர்க்கூட்டம் சம்மதிக்க வேண்டும். தண்ணீர் இல்லாத வீட்டை டொரீன் வாங்க முடியாது. வியாழக்கிழமையோடு அவருடைய தொண்ணூறு நாள் முடிகிறது. இதற்குப் பணம் வேண்டி அவர் தன் ஓஹியோ வீட்டை விற்கிறார்; அதை வாங்க வந்தவரும் அதுவரைதான் காத்திருப்பார்.

(அ) கூட்டம் மறுக்கிறது. டொரீன் போகிறார். நான் சனிக்கிழமை ஜன்னல் திறக்கப் போகிறேன். [எனக்குப் பிடித்த முடிவு. பிடித்திருப்பது வெட்கமாக இருக்கிறது.]

(ஆ) வாக்கெடுப்பின்போது கதவு திறக்கிறது. பெட்டியோடு என் அண்ணன் நிற்

[இல்லை.]

(இ) எல்லோரும் கைதட்டி ஏற்கிறார்கள். பேண்டு வாத்தியம் முழங்குகிறது. [எல்விராவைத் தெரிந்த யாரும் இதை நம்ப மாட்டார்கள்.]

மூன்றையும் டொரீனிடம் படித்துக் காட்டினேன்.

"ஒண்ணும் வேகலை," என்றார். "முதல் முடிவைத் தூக்கிப் போடு. நான் முடிவு பண்ணிட்டேன். இங்கதான். மிச்சம் உங்க வேலை."

"ஹாங்க்?"

"ஹாங்க் எங்கயும் போக மாட்டான். உசுரோட இருந்தப்பவும் அந்த ஓஹியோவை விட்டு நகராதவன்." ஃப்ரிட்ஜ் தாளை உரித்து என் கையில் கொடுத்தார். "கதைக்கு வெச்சுக்கோ. எனக்கு வேண்டாம்."

8

இந்தப் பகுதியை மட்டும் கூட்டத்தில் உட்கார்ந்தபடியே எழுதுகிறேன். ஞாயிறு மதியம். முப்பத்தொன்பது வீட்டிலிருந்தும் ஆள் வந்திருக்கிறது.

எல்விரா எழுந்து பேசினாள். "வெசினா மேல எனக்கு ஒரு கோபமும் இல்ல. ஆனா இன்னிக்கு ஒரு வீடு, நாளைக்குப் பத்து வீடு. நெலத்து வெல ஏறிப்போச்சுன்னா எம் பொண்ணு எங்க வீடு கட்டுவா? ஊத்தும் வருஷா வருஷம் கொறயுது. யாராச்சும் பதில் சொல்லுங்க."

டொரீன்தான் எழுந்தார்.

"அவ சொல்றது சரி. எனக்குத் தோட்டம் வேண்டாம். ஒரு குழாய் போதும். மிங்காவுக்கு வருவேன். நான் செத்தா வீட்டை ஊருக்குள்ளதான் விக்கணும். அவ பொண்ணுக்கு விக்கலாம்." என் பக்கம் விரலை நீட்டினார். "எழுதிக்கோ!"

முன்பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

கைகள் உயர்ந்தன. ஆதரவாகப் பத்தொன்பது. எதிர்ப்பாகப் பத்தொன்பது, எல்விராவோடு சேர்த்து. செகுந்தோ அண்ணன் ஏற்கெனவே கையைத் தூக்கிவிட்டார். சமமாக வந்தால் மட்டும் செயலாளர் வாக்களிக்க வேண்டும் என்று விதி. பதினோரு வருடத்துக்கு முன்னால் அந்த விதியை எழுதியவளும் நான்தான். ஒரு நாளும் தேவைப்படாது என்று நினைத்து எழுதினேன்.

எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். கை உயர்ந்தால் ஏற்பு, உயராவிட்டால் மறுப்பு. எங்கள் ஊரில் வலது கையைத்தான் எண்ணுவோம். என் வலது கையில் பேனா இருக்கிறது. எழுதிக்கொண்டே கையைத் தூக்க முடியாது. அதனால், வாசகரே, நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கும்வரை என் கை கீழேதான் இருக்கிறது. நோட்டில் இன்னும் நான்கு பக்கம் மிச்சம். மெதுவாக எழுதினால் வியாழன்வரை இழுத்துவிடலாம்.

"லுஸ்மிலா, இன்னும் என்னம்மா எழுதற?" என்கிறார் செகுந்தோ அண்ணன். "நோட்டு ஏன் தலைகீழா இருக்கு?"

டொரீன் என்னை அதட்டவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ரிகோ, உன் வீட்டு மாற்றுச் சாவி என் இடுப்பில் உறுத்துகிறது. இருபத்தாறு வருடம், போதும்டா. நான் முடிவை எழுதப்போவதில்லை. இந்த வாக்கியம் பாதியில் நின்றுபோனால், பேனாவை வைத்துவிட்டு என் கை எங்கே போயிற்று என்று நீங்களே