கையெழுத்துப் போடாத எர்லீன்

எர்லீன் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் ஆற்றோரச் சிற்றூர் ஒன்றில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவள். ஒருநாள் கடை எரிந்து, மாடியில் குடியிருந்தவர் இறந்துபோனார். இன்சூரன்ஸ் பணத்துக்காக அவளே தீ வைத்தாள் என்று வாதாடிய அரசு வக்கீல் க்ராண்டல், ஆயுள் தண்டனை வாங்கிக் கொடுத்தார்.

பதினோரு வருஷம் கழித்து, அந்தத் தீயை ஆராய்ந்தவரும் தீயணைப்புத் துறையிலிருந்து ஓய்வுபெற்றவருமான லெஸ்டர் அவளுடைய வக்கீலைத் தேடி வந்தார். சுவருக்குள் ஓடிய மின்கம்பிதான் காரணம் என்று அப்போதே க்ராண்டலிடம் சொல்லியிருந்தாராம். "நான் பாத்துக்கறேன்" என்றவரை நம்பிவிட்டாராம்; அது கோர்ட்டுக்கே வரவில்லை என்று இப்போதுதான் தெரிந்ததாம். க்ராண்டலோ, சட்டப்படி எதிர்த்தரப்புக்குச் சொல்ல வேண்டியதை அப்படியே அமுக்கிவிட்டார்.

வக்கீல் மனுப் போட்டு வாங்கிய மறுவிசாரணைக்கு முந்தின நாள் க்ராண்டல் சிறைக்கே வந்தார். எர்லீனின் வக்கீலும் மகள் ஷாண்ட்ராவும் இருந்தார்கள்.

"குத்தத்தை ஒத்துக்கிட்டு ஒரு கையெழுத்து போடும்மா. உள்ள இருந்த வருஷமே போதும்னு நான் எழுதிக் குடுத்துடறேன், இன்னிக்கே வீட்டுக்குப் போயிடலாம்."

"போடலன்னா?"

"ஜட்ஜ் என்ன சொல்வாரோ! உள்ளயே கெடக்க வேண்டியதுதான்."

ஷாண்ட்ரா அழுதாள். "போட்டுடும்மா. ஊரு என்ன வேணா பேசட்டும். எனக்கு நீ வேணும்."

"அழாத கண்ணு. இத்தனை வருஷமா எட்டிப் பாக்காத ஆளு இன்னிக்கு டை கட்டிக்கிட்டு ஓடி வந்திருக்கான். பயம் யாருக்குன்னு பாரு."

க்ராண்டல் நீட்டிய பேனாவை அவர் பக்கமே தள்ளினாள்.

மறுநாள் லெஸ்டர் கூண்டில் ஏறி நடந்ததைச் சொன்னார்.

நீதிபதி க்ராண்டலிடம் திரும்பினார். "இதை ஏன் சொல்லல?"

"முக்கியம்னு தோணல, யுவர் ஆனர்."

"யாருக்கு முக்கியமில்ல?"

தண்டனை ரத்தானது. எர்லீன் மகளைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

க்ராண்டலுக்கு ஒன்றும் ஆகவில்லை. திங்கட்கிழமை வழக்கம்போல் வேலைக்குப் போனார். அதுதான் அவளை உறுத்தியது. சாட்சியத்தை மறைக்கும் அரசு வக்கீலின் உரிமத்தைப் பறிக்கும் மசோதா ஒன்று மாநிலச் சட்டசபைக் குழுவுக்கு வந்தபோது, தலைநகர் பேட்டன் ரூஜுக்கே போய்ப் பேசினாள்.

"அரசு வக்கீல் எல்லாருமே மோசம்னு சொல்றீங்களா?" என்று ஓர் உறுப்பினர் மடக்கினார்.

"இல்லைங்க ஐயா. நல்லவங்களுக்கு இந்தச் சட்டத்தால என்ன நஷ்டம்னு நீங்களே சொல்லுங்க."

குழுவில் ஒரே ஓட்டு வித்தியாசத்தில் மசோதா தப்பியது. அடுத்து முழுச் சபைக்குப் போக வேண்டும்.

"அங்க நெறைய பேரு எதிர்ப்பாங்கம்மா" என்றாள் ஷாண்ட்ரா.

"யாரு யாருன்னு கேட்டியா?"

"கேட்டேன்."

"அவங்க ரூமெல்லாம் எந்த மாடி?" என்று கேட்டபடியே, அவர்களையும் பார்த்துப் பேச எர்லீன் சட்டசபைக் கட்டடத்தின் படியேறினாள்.