எட்டாவது ஆள்

"பையில என்னம்மா?" என்று கேட்ட காவலாளி, மார்னி பதில் சொல்வதற்குள் அதைத் திறந்துவிட்டார். ஆஸ்பத்திரியின் பெயர் அச்சடித்த பிளாஸ்டிக் பை. உள்ளே ஒரு ஜோடி ஷூ, மடித்த பேண்ட், பெல்ட், மூக்குக்கண்ணாடி.

"அப்பாவோடது," என்றாள்.

"உள்ள ஆடுறாரா?"

"ஆமா."

அதை முழுப்பொய் என்று சொல்லிவிட முடியாது. போக்கர் சீட்டாட்டப் போட்டி நடக்கும் கூடத்தின் வாசலில் இருந்த பெரிய திரையில், கடைசி மேசைக்கு வந்துவிட்ட ஒன்பது பேரில் டெல்மரின் பெயரும் மின்னிக்கொண்டுதான் இருந்தது. ஆளைத்தான் காலையில் வெள்ளைத் துணி போட்டு மூடியிருந்தார்கள்.

விடியும்போது குளியலறையில் விழுந்தவர். ஆம்புலன்ஸில் போகும்போது நன்றாகத்தான் பேசினார். "ஆட்டம் ரெண்டு மணிக்கு. அதுக்குள்ள விட்டுருவாங்களான்னு கேளு," என்றார். "பேசாம படுங்கப்பா," என்றாள் மார்னி. அவர், "எது ஆனாலும் சரி, ஒன்பதா மட்டும் போகக் கூடாது மார்னி," என்றார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

டெல்மர் லாஸ் வேகஸ் விடுதிகளில் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு போக்கர்தான் அவருக்குக் காப்பி, பத்திரிகை, கோயில் எல்லாம். பெரிய போட்டிகளில் மூன்று முறை கடைசி மேசை வரை வந்திருக்கிறார். மூன்று முறையும் அந்த மேசையிலிருந்து முதலில் எழுந்து போன ஆள் அவர்தான். ஒன்பதாவது இடம். பட்டப்பெயர் வைக்கிறவர்கள் யாரும் அனுமதி கேட்டு வைப்பதில்லை. ஊரில் உள்ள சீட்டாட்டக்காரர்கள் எல்லோருக்கும் அவர் 'ஒன்பது' ஆகிவிட்டார். "என்ன ஒன்பது, சாப்பிட்டாச்சா?" என்று கேட்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே பதில் சொல்வார். ஆனால் வீட்டுக்கு வந்தால் அன்று காப்பிக் கோப்பையைக் கொஞ்சம் சத்தமாகத்தான் வைப்பார். மார்னிக்கு அந்தச் சத்தம் தெரியும்.

அப்பா ஆடுவதை அவள் ஒருநாளும் வந்து பார்த்ததில்லை. இன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வீட்டுக்குப் போகத்தான் கிளம்பினாள். கார் இங்கே வந்து நின்றது.

போட்டிப் பொறுப்பாளர் ஓர்ட்டிஸ், காதில் இயர்போனும் கையில் தண்ணீர்ப் புட்டியுமாக நின்றிருந்தாள்.

"டெல்மரோட பொண்ணா? எங்க அவரு? இன்னும் அஞ்சு நிமிஷம்தான் இருக்கு."

"கொஞ்சம் லேட்டாகும்," என்றாள் மார்னி. வேறு என்னவோ சொல்ல நினைத்துத்தான் வாயைத் திறந்தாள். "ஆளு வரலைன்னா என்ன செய்வீங்க?"

"ஒண்ணும் செய்ய மாட்டோம். பந்தயச் சில்லு அவரோடது, அது மேசையிலதான் இருக்கும். அவரு பங்குக்கு ரெண்டு சீட்டு போடுவோம், உடனே திருப்பி எடுத்துருவோம். கட்டாயப் பந்தயம் வரும்போது அவரு சில்லுலேர்ந்து எடுத்துக்குவோம். அது தீர்ற வரைக்கும் அவரு ஆட்டத்துல இருக்காருன்னுதான் அர்த்தம்."

ஆளே இல்லாமல் போய்விட்டால் என்று மார்னி கேட்கவில்லை. கேட்டாலே நடந்ததைச் சொன்ன மாதிரிதான். சொன்னால் ஒருவேளை அந்தச் சில்லுகளை வாரிக்கொண்டு போய்விடுவார்கள், அப்பா மறுபடியும் ஒன்பதாகிவிடுவார் என்று பயந்தாள். கயிற்றுக்கு இந்தப் பக்கம், பார்வையாளர் வரிசையில் போய் உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

எட்டுப் பேர் உட்கார்ந்தார்கள். ஆறாம் நாற்காலி காலியாக இருந்தது. அதன் முன்னால் பச்சையும் கறுப்புமாக டெல்மரின் சில்லுகள், அவர் நேற்று அடுக்கிவிட்டுப் போன ஒழுங்கில், அதிகமும் இல்லாமல் குறைவும் இல்லாமல் இருந்தன.

"எங்கடா நம்ம ஒன்பது?" என்று எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. கஸ். டயர் கடை வைத்திருக்கிறவர். டெல்மரோடு முப்பது வருஷச் சிநேகிதம், முப்பது வருஷச் சண்டை. அந்தப் பட்டப்பெயரை வைத்த புண்ணியவான் அவர்தான். "பயந்துட்டான்யா! வீட்ல கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சிருக்கான். நேர்ல வந்து தோத்தா அசிங்கம்னு ஆளில்லாமலே தோக்கப் பாக்குறான்."

மேசை சிரித்தது. தலைக்குல்லாவை மூக்குவரை இழுத்துவிட்டிருந்த ஒரு பையன்கூடச் சிரித்தான். மார்னிக்குக் கோபம் வரவில்லை. அப்பாவை இப்படித் திட்டுகிற குரல் ஒன்று உலகத்தில் இருக்கும்வரை அவர் எங்கேயோ வழியில் இருக்கிற மாதிரிதான் அவளுக்குத் தோன்றியது.

ஆட்டம் தொடங்கியது. சீட்டுப் போடும் பெண் ஒவ்வொருவருக்கும் போட்டுக்கொண்டு வந்து, ஆறாம் நாற்காலிக்கும் இரண்டு சீட்டுப் போட்டாள். கடைசிச் சீட்டு விழுந்ததும் அந்த இரண்டையும் திருப்பி எடுத்துக்கொண்டாள். கட்டாயப் பந்தயச் சுற்று வந்தபோது டெல்மரின் அடுக்கிலிருந்து சில்லுகளை எண்ணி நடுவில் வைத்தாள். அடுக்கு ஒரு விரல் குறைந்தது.

சிறிது நேரத்திலேயே மார்னிக்கு விஷயம் விளங்கிவிட்டது. எட்டுப் பேரும் ஆடவே இல்லை. நல்ல சீட்டையெல்லாம்கூடக் கவிழ்த்துப் போட்டார்கள். ஒரு இடம் மேலே போனால் பரிசும் மேலே போகும். காலி நாற்காலி தானாகவே தீர்ந்துவிடும் என்றிருக்கும்போது யார் போய் வம்பை விலைக்கு வாங்குவார்கள்? எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு அவள் அப்பா முடிவதற்காகக் காத்திருந்தார்கள். காலையில் ஆஸ்பத்திரியில் அவளும் அதையேதான் செய்தாள். இங்கே இருக்கிறவர்கள் மீது வருத்தப்பட என்ன இருக்கிறது? ஆனாலும் வருத்தமாக இருந்தது.

"யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர்," என்று வேண்டிக்கொண்டாள். யாரிடம் என்று தெரியவில்லை.

டெல்மரின் அடுக்கு பாதியானது. பாதியிலும் பாதியானது. கஸ்ஸிடமும் அதிகம் இல்லை. ஆனால் அவர் நிம்மதியாகக் கடலை கொறித்துக்கொண்டிருந்தார். அடுத்து வந்த சீட்டை ஓரம் தூக்கிப் பார்த்தவர், கொறிப்பதை நிறுத்தினார். இன்னொரு முறை பார்த்தார்.

"ச்சே," என்றார். "இதைப் போய் எப்படிய்யா கவிழ்க்கிறது?"

இருந்ததையெல்லாம் நடுவில் தள்ளினார். குல்லாப் பையன் யோசிக்கவே இல்லை, பந்தயத்தை ஏற்றுக்கொண்டான். சீட்டைத் திருப்பினார்கள். கஸ்ஸிடம் இரண்டு ஜாக்கி. பையனிடம் இரண்டு ராணி. நடுவில் விழுந்த ஐந்து சீட்டும் யாருக்கும் உதவவில்லை. கஸ்ஸின் சில்லு முழுவதும் பையன் பக்கம் போனது.

மேசையில் ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "கஸ், நீதான் ஒன்பது."

கஸ் எழுந்து நின்று காலி நாற்காலியைப் பார்த்தார். "வரவே வராதவன்கிட்டத் தோத்தேன்யா! ஒரு சீட்டைக்கூடத் தொடலை பாவி, என்னை மேசையை விட்டே அனுப்பிட்டானே!"

மார்னிக்குச் சிரிப்பு வந்தது. நேற்று இரவுக்குப் பிறகு முதல் சிரிப்பு. வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குள்ளேயே அது அழுகையாக மாறியது. அப்பா ஒன்பது இல்லை. எட்டு. இதை முதலில் யாருக்குச் சொல்ல வேண்டுமோ, அவருக்குத்தான் சொல்ல முடியாது.

கஸ் கயிற்றைத் தாண்டி அவளிடம் வந்தார்.

"எங்க பாப்பா அந்தத் திருட்டுப் பய? அவன் மூஞ்சியை நான் இப்பவே பாக்கணும். ஒரு வருஷத்துக்கு என்னை விட மாட்டான் இனிமே. கடைக்கு முன்னாடி போர்டு வச்சாலும் வைப்பான்."

"கஸ் அங்கிள்."

"என்ன?"

"அப்பா காலையில போயிட்டார்."

எங்கே என்று கேட்க வாயெடுத்த கஸ், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அவள் மடியில் இருந்த ஆஸ்பத்திரிப் பையையும் உள்ளே தெரிந்த ஷூவையும் பார்த்தார். மெதுவாகப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இவங்களுக்குத் தெரியுமா?" என்று மேசையைக் காட்டிக் கேட்டார் கஸ்.

"இல்ல. சொன்னா சில்லை எடுத்துருவாங்களோன்னு பயந்தேன். இப்பச் சொல்லிடட்டுமா?"

கஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு டெல்மரின் அடுக்கைப் பார்த்தார். விரல் அளவுதான் மிச்சம். அப்புறம், மூன்றாம் நாற்காலியில் அதைவிடக் கொஞ்சமே கூடுதலாக வைத்துக்கொண்டு நகம் கடிக்கும் ஆளைப் பார்த்தார்.

"இப்பச் சொன்னா எட்டு," என்றார். "அந்தாளு பொறுமை இல்லாத ஆளு, எனக்குத் தெரியும். சொல்லாம இருந்தா ஏழுகூட ஆகலாம்."

ஓர்ட்டிஸ் அவர்களை நோக்கி வந்தாள். "அடுத்த சுத்துல அவரோட சில்லு பூராத் தீர்ந்துரும். டிவிக்காரங்களும் கேக்குறாங்க. வர்றாரா, வரலையா?"

மார்னி வாயைத் திறப்பதற்குள் கஸ் முந்திக்கொண்டார்.

"வந்துக்கிட்டே இருக்கான். கார் நிறுத்த இடம் தேடுறான். இப்பத்தான் பேசினேன்."

ஓர்ட்டிஸ் அவரைப் பார்த்தாள். அவருடைய சிவந்த கண்ணைப் பார்த்தாள். மார்னியையும் அவள் மடியில் இருந்த ஆஸ்பத்திரிப் பையையும் பார்த்தாள். காதில் இருந்த இயர்போனில் யாரோ ஏதோ கேட்டார்கள் போலிருக்கிறது, அதைக் கழற்றிவிட்டாள்.

"சரி," என்றாள். "வந்ததும் நேரா மேசைக்கு வரச் சொல்லுங்க."

சீட்டைக் கலைக்கிற சத்தம் கேட்டது. திரும்பி நடந்த ஓர்ட்டிஸ், போகிற வழியில் ஆறாம் நாற்காலியை ஒருவர் வந்து உட்கார வசதியாகக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து வைத்துவிட்டுப் போனாள்.